அழைப்பதற்கு ஒரு பெயர்

குழந்தை பிறந்து எட்டு நாள்கள் ஆகியிருந்தன. ஆண் குழந்தை, திருவாதிரை நட்சத்திரம், மூன்றாம் பாதம். தொட்டிலைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களிடையே ஒரே பேச்சு: என்ன பெயர் வைப்பது? வேறு எவருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்பது இளம் தந்தையின் விருப்பம். பள்ளி நாள்களில் அவருடைய வகுப்பில் அவர் பெயரையே கொண்ட மாணவர்கள் மூவர் இருந்தனர். அந்தக் குறை இன்னும் அவர் மனத்தில் இருந்தது. தாய் கணினியில் தேடி எழுதிவைத்திருந்த பட்டியலில் நாற்பது பெயர்கள் இருந்தன. பாட்டி அவற்றுள் முதல் பெயரைச் சொல்லிப் பார்த்தார்; நாக்குப் புரளவில்லை. மீண்டும் முயன்றார். பிறகு, "இவனை நான் எப்படிக் கூப்பிடுவேன்?" என்று மெதுவாகக் கேட்டார். எவரும் விடை கூறவில்லை.

இன்று எத்தனையோ இல்லங்களில் காணும் காட்சிதான் இது. புதுமையான பெயரை நாடுவது தவறு என்று சாத்திரம் எங்கும் கூறவில்லை. தம் குழந்தை தனித்து விளங்க வேண்டும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. ஆனால் பெயர் என்பது யாருக்காக? அதைத் தாங்குபவன் தன் பெயரைத் தானே சொல்லும் நேரம் மிகக் குறைவு. வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லப்போகிறவர்கள் பிறர். பாட்டி கேட்ட கேள்வி இந்த இடத்தைத்தான் தொடுகிறது.

நாமகரணம் பதினாறு சம்ஸ்காரங்களுள் ஒன்று. பத்தாம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ அதைச் செய்யலாம் என்று மனு ஸ்மிருதி கூறுகிறது. தசரதரின் புதல்வர்களுக்குப் பதினொரு நாள்கள் கழிந்தபின் வசிஷ்டர் பெயரிட்டதாக வால்மீகி பாடுகிறார். நம் நாட்டின் பிறப்புப் பதிவுச் சட்டம் (1969) இவ்விஷயத்தில் சாத்திரத்தைவிடத் தாராளமானது. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். பெயரையோ 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதன்பின் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரையிலும் சேர்க்கலாம். ஆகவே எட்டாம் நாளில் எவரும் பதற்றமடைய வேண்டியதில்லை.

பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் மிக நுணுக்கமாகச் சிந்தித்திருக்கின்றனர். ஆச்வலாயன கிருஹ்ய சூத்திரத்தின்படி, ஆண் குழந்தையின் பெயர் தொண்டை அதிர ஒலிக்கும் மெய்யெழுத்தில் தொடங்க வேண்டும். நடுவில் ய, ர, ல, வ ஆகியவற்றுள் ஒன்று வர வேண்டும். அசைகள் இரட்டைப்படையில் அமைய வேண்டும். மகன் உலகில் நிலைபெற விரும்புவோர் ஈரசைப் பெயரையும், பிரம்ம தேஜஸை விரும்புவோர் நான்கசைப் பெயரையும் வைக்கலாம். இலக்கணம் ஏன் கற்க வேண்டும் என்பதற்குக் காரணங்களை அடுக்கும் பதஞ்சலி முனிவர், மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே இந்தப் பெயர்சூட்டலையும் ஒரு காரணமாகக் கூறுகிறார். இலக்கணம் அறியாத தந்தை தன் மகனுக்குப் பெயர் வைக்க இயலாது என்பது அவர் கருத்து! ஏதோ ஒரு முன்னொட்டையும் ஏதோ ஒரு பின்னொட்டையும் ஒட்டவைத்து, எதிரே 'சூரியனின் அம்சம்' என்று பொருளையும் எழுதிவைக்கும் இன்றைய பட்டியல்களைக் கண்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ! வடமொழிபோல் ஒலிப்பதெல்லாம் வடமொழி ஆகிவிடாது. வைக்கும் முன் அம்மொழி அறிந்த ஒருவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

பதஞ்சலி காட்டும் விதிகளுள் இரண்டு ஒலியைப் பற்றியவை அல்ல. தந்தைவழி முன்னோர் மூவரோடு பெயர் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. பகைவரிடையே வழங்கும் பெயராக இருக்கலாகாது என்பது மற்றொன்று. முதலாவதைத் தமிழ் தன் சொல்லிலேயே பொதிந்துவைத்திருக்கிறது. பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் அவன். இதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. கணவனின் பெயரைச் சொல்லாத அந்நாளைய பாட்டிகள் பேரனைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது. அதனால்தான் எத்தனையோ வீடுகளில் சூட்டிய பெயர் ஒன்று, அழைக்கும் பெயர் ஒன்று என்று இரண்டு வழங்கின.

இனி, சோதிடர் தந்த எழுத்து. அவகஹடா சக்கரம் என்னும் முறையில் 27 நட்சத்திரங்களின் 108 பாதங்களுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. திருவாதிரையின் மூன்றாம் பாதத்திற்கு உரியது 'ங'. அந்த எழுத்தில் தொடங்கும் பெயரை எங்கே தேடுவது? விந்தையான பெயர்கள் பல இத்தகைய நெருக்கடியில்தான் பிறக்கின்றன. ஆனால் பிறரை வணங்கும்போது சொல்லிக்கொள்வதற்கென்று ஆச்வலாயனர் தனியே ஒரு பெயரைக் குறிப்பிட்டு, உபநயனம் வரை அது தாய்க்கும் தந்தைக்கும் மட்டுமே தெரிந்திருக்கட்டும் என்கிறார். மறைபெயர் வேறு, வழங்குபெயர் வேறு என்ற இந்தப் பிரிவை மறந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைக்க முயல்வதால் வருவதே பாதித் துன்பம். எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்தொன்றைக் கூட்டிக்கொள்வோர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேதமோ கிருஹ்ய சூத்திரமோ அதை அறியாது.

பெயர் விதியை எழுதிவிடும் என்ற அச்சம்தான் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கிறது. அந்த அச்சமுடையோர் ஐதரேய பிராமணத்தில் வரும் ஒரு சிறுவனை நினைத்துப் பார்க்கலாம். அஜீகர்த்தர் என்பவருக்கு மூன்று புதல்வர்கள்: சுனஃபுச்சன், சுனஃசேபன், சுனோலாங்கூலன். மூன்று பெயர்களுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றே: நாயின் வால். இதைவிட விந்தையான பெயர்களை இன்றைய பட்டியல்களிலும் காண்பது அரிது. அரிச்சந்திர மன்னன் வருணனுக்குத் தன் மகனையே பலியிடுவதாக வாக்களித்திருந்தான். மகனுக்குப் பதிலாக வேறொருவனைத் தேடியபோது, காட்டில் பசியால் வாடிய அஜீகர்த்தர் நூறு பசுக்களுக்கு ஒரு மகனைத் தர இசைந்தார். மூத்தவனைத் தந்தை விடவில்லை. இளையவனைத் தாய் விடவில்லை. நடுப்பிள்ளை சுனஃசேபன் விலைபோனான். அவனைத் தூணில் கட்ட எவரும் முன்வராதபோது, மேலும் நூறு பசுக்கள் பெற்றுக்கொண்டு தந்தையே கட்டினார். வெட்டவும் எவரும் வரவில்லை. இன்னும் நூறு பசுக்களுக்கு அதற்கும் அவரே வாளைத் தீட்டிக்கொண்டு வந்தார்.

கட்டுண்ட சிறுவன் தேவர்களை ஒருவர்பின் ஒருவராக அழைத்தான். உஷஸ் தேவியைத் துதிக்கத் துதிக்கக் கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. வேள்வியில் இருந்த விசுவாமித்திரர் அவனைத் தம் மகனாக ஏற்றார். தேவராதன், தேவர்களால் தரப்பட்டவன் என்ற பெயரும் அவனுக்கு வந்தது. ஆயினும் ரிக்வேதத்தின் முதல் மண்டலத்தில் 24 முதல் 30 வரையுள்ள சூக்தங்களின் ரிஷியாக மரபு இன்றும் சொல்வது சுனஃசேபன் என்ற அந்தப் பழைய பெயரைத்தான். மந்திரம் ஓதுமுன் ரிஷியின் பெயரைச் சொல்லித் தலையைத் தொடுவது மரபு. நாயின் வால் என்று பொருள்படும் பெயரைச் சொல்லிக் கற்றறிந்த பெரியோர் தம் தலையைத் தொடுகின்றனர். பெற்ற தந்தையிடம் அந்தச் சிறுவனுக்கு இல்லாமற்போனது நல்ல பெயர் அன்று.

இதற்கு நேர்மாறாக, அன்பு மிகுந்து இழிந்த பெயரை வைத்தவர்களும் இந்த நாட்டில் உண்டு. பிறந்த குழந்தைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த தாய், அடுத்த மகனைக் காலன் பார்வையிலிருந்து மறைக்கச் செய்த உபாயம் அது. மகாராஷ்டிரத்தில் கல் என்று பொருள்படும் தகடூ, வங்காளத்தில் ஐந்து கவடிக்கு வாங்கியவன் என்னும் பாஞ்ச்கடி, தமிழகத்தில் குப்பன். நவத்வீபத்தில் 1486-ஆம் ஆண்டு சசீதேவிக்குப் பிறந்த மகனுக்குச் சூட்டிய பெயர் விசுவம்பரன். ஆனால் முன்பு பெற்ற பெண்மக்கள் பலரை இழந்திருந்த அத்தாயின் மகனை அக்கம்பக்கத்துப் பெண்கள் நிமாய் என்றே அழைத்தனர். வேம்புபோல் கசந்தால் யமன் தீண்டமாட்டான் அல்லவா! சைதன்ய மகாபிரபுவாக உலகம் வணங்கும் அவரை வங்கத்து அடியார்கள் இன்றும் அந்தக் கசப்புப் பெயரைச் சொல்லித்தான் உருகுகின்றனர்.

கண்ணனுக்கோ விழாவே இல்லை. யாதவரின் குரு வெளிப்படையாகச் சடங்கு செய்தால் கம்சன் ஐயுறுவான் என்பதால், கர்க்க முனிவர் கோகுலத்து மாட்டுத் தொழுவத்தில் மறைவாகப் பெயரிட்டுச் சென்றார்.

பெயர் பற்றிய பேச்சு எழுந்தால் எவரும் தவறாமல் சொல்வது அஜாமிளன் கதை. கன்னோசியில் வாழ்ந்த அவன் ஒழுக்கம் இழந்து, சூதும் களவும் செய்து, எண்பத்தெட்டு ஆண்டுகளைக் கழித்தான். பத்துப் புதல்வர்களில் கடைக்குட்டிக்கு நாராயணன் என்று பெயர். யமதூதர்களைக் கண்ட கணத்தில் அவன் மகனைக் கூவி அழைத்தான். விஷ்ணு தூதர்கள் வந்து நின்றனர். இக்கதையைக் கேட்டு, மகனுக்கு இறைவன் பெயரை வைத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போடுவோர் உண்டு. பாகவதம் அவ்வளவோடு நிறுத்தவில்லை. அன்று அவன் வைகுண்டம் செல்லவில்லை, பிழைத்துக்கொண்டான். தான் செய்தவற்றையெல்லாம் எண்ணிக் கதறி, வீட்டைத் துறந்து, கங்கை மலையிலிருந்து இறங்கும் ஹரித்துவாரத்தில் அமர்ந்து புலன்களை ஒடுக்கித் தவம் புரிந்தான். அதன்பிறகே விமானம் வந்தது.

இன்னொன்றும் அக்கதையில் இருக்கிறது. அவன் கணக்குப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லவில்லை. உண்ணும்போது மகனுக்கு ஊட்டி, பருகும்போது அவனையும் பருகச் செய்து, மழலையில் மனம் பறிகொடுத்து, நாள்தோறும் அழைத்துப் பழகிய பெயர் அது. நாக்கு குழறும் நேரத்திலும் தானாக வந்தது. சொல்ல எளிதாக இருந்தது. சொல்ல ஆள் இருந்தார். சொல்வதில் அன்பு இருந்தது.

அந்த இல்லத்தில் பன்னிரண்டாம் நாள் தந்தை பட்டியலை ஒதுக்கிவைத்தார். தாயும் அவரும் தேர்ந்த புதிய பெயரொன்று பதிவேட்டுக்கு இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அதைத் தேர்ந்தபோது பாட்டியை நான்கைந்து முறை சொல்லிப் பார்க்கச் செய்தனர். 'ங' மறைபெயரோடு நின்றது. குழந்தையின் வலச்செவியில் தந்தை மும்முறை பெயரைச் சொன்னபின், மடியில் வாங்கிக்கொண்ட பாட்டி, தம் கணவரின் பெயரை ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லி அவனை அழைத்தார்.