எதில் பின்பற்றுவது?

பெரியவர்களைப் பின்பற்று என்று எல்லாச் சமயங்களும் சொல்கின்றன. எதில் பின்பற்றுவது என்பதில்தான் சிக்கல். தேவதானப்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிற எனக்கு இந்தக் கேள்வி மஞ்சளாறு அணைக்குப் போகிற ரோட்டில் வந்தது.

விடிகாலையில் அந்த ரோட்டில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ் வேலைக்குத் தயாராகிற பையன்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நான் சர்க்கரைக்காக அவர்கள் பின்னால் ஓடுகிறவன். ஒருநாள் ஒரு பையன் போனில் கென்யாவின் எலியுட் கிப்சோகே வியன்னாவில் ஓடியதைக் காட்டினான். 2019 அக்டோபர் 12 அன்று, 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் முடித்த ஓட்டம். 41 பேர் முறைவைத்து மாறி மாறிக் காற்றை மறித்துக் கூடவே ஓடியதால் அது உலக சாதனைக் கணக்கில் சேரவில்லை. ஆனாலும் அத்தனை தூரமும் ஓடிய கால்கள் அவருடையவை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 400 மீட்டருக்கு 68 நொடி. அதை நூற்றைந்து தடவைக்கு மேல், நிற்காமல் ஓடியிருக்கிறார்.

"ஒரே ஒரு தடவை அந்த ஸ்பீடுல ஓடிப் பாப்பமா மாமா?" என்றான்.

இந்த ஆசை உலகம் முழுக்க இருக்கிறது. 2018இல் சிகாகோ மாரத்தானை ஒட்டி ஒரு பெரிய ட்ரெட்மில்லைக் கிப்சோகேயின் வேகத்துக்கு வைத்து, விருப்பப்பட்டவர்களை ஏறச் சொன்னார்கள். சாதாரண ஓட்டக்காரர்கள் ஏறினார்கள், கொஞ்ச நேரத்தில் தடுமாறி விழுந்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை.

நாங்கள் டேப் பிடித்து அளந்து, ஒரு புளியமரத்திலிருந்து 400 மீட்டர் தள்ளி ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். முதல் நூறு மீட்டர் 17 நொடி. அது எல்லோருக்கும் முடிந்தது. இருநூறில் மூச்சு தொண்டையில் உரசியது. அதற்கப்புறம் தொடை என் பேச்சைக் கேட்கவில்லை. நான் ஓரமாக ஒதுங்கி முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களில் நல்ல ஓட்டக்காரன், தேர்வில் நிச்சயம் தேறுவான் என்று எல்லோரும் நம்புகிற பையன், 71 நொடியில் கோட்டைத் தொட்டுவிட்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அந்தாளு மனுசனே இல்ல மாமா."

அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மனுசன் இல்லை என்று சொல்லிவிட்டால் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அவரும் மனுசன்தான் என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. நம்ம நாட்டிலேயே சிவ்நாத் சிங் இருந்தார், பீகார்க்காரர், வெறுங்காலில் ஓடிப் பேர்பெற்றவர். 1978இல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். நாற்பது வருடத்துக்கு மேல் அதுவே இந்தியச் சாதனையாக இருந்தது. அவர் வேகத்தில் 400 மீட்டருக்கு 75 நொடி. அதுவும் எனக்கு எட்டாது.

மனிதனுக்கு எல்லையே இல்லை என்பது கிப்சோகே எங்கும் சொல்லிவருகிற வாக்கு. அந்த மனிதரை எவ்வளவு மதித்தாலும், இதில் நான் சைவ சித்தாந்தத்தின் பக்கம். உடம்பு, கருவி, உலகம், அனுபவம் இவற்றைத் தனு, கரணம், புவனம், போகம் என்று நாலாகச் சொல்கிறது சித்தாந்தம். ஒவ்வொரு உயிருக்கும் அதன் வினைக்குத் தக்கபடி இறைவன் கொடுத்தது அது. கொடுத்ததில் அளவு உண்டு. அளவு தண்டனை இல்லை. உயிர் பக்குவப்படுவதற்குக் கிடைத்த கருவி. கப்டகாட் என்கிற அவர் பயிற்சி ஊர் சுமார் 2400 மீட்டர் உயரத்தில், எங்களுக்கு மேலே தெரிகிற கொடைக்கானலைவிடவும் உசரத்தில் இருக்கிறது. அவருக்குக் கிடைத்த புவனம் அது. எனக்கு வாய்த்தது மஞ்சளாற்று அடிவாரம்.

அப்படியானால் முயலவே வேண்டாமா? அப்பரை நினைத்துக்கொள்கிறேன். கயிலையைப் பார்த்தே தீருவதென்று வடக்கே நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், கை தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார், பிறகு உருண்டார். மானுட உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிவிடு என்று முனிவராக வந்த இறைவன் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் தேய்ந்த உடம்பு சரியானது, ஆனால் கயிலை வரை நடக்கிற புது வலு எதுவும் தரப்படவில்லை. ஒரு குளத்தில் மூழ்கச் சொன்னான் இறைவன், எழுந்தது திருவையாற்றில். கயிலைக் காட்சி அங்கே கிடைத்தது. சேக்கிழார் சொல்கிற இந்தக் கதையில் உடம்பின் அளவு மாறவே இல்லை. ஆனால் தேய்ந்த பாதமும் வீண்போகவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

எட்டாததால் முயற்சி வீணாகாது என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. இங்கே மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் சன்னதிக் கதவு திறப்பதே இல்லை. அடைத்த கதவுக்குத்தான் பூசை. உள்ளே போனால்தான் பக்தி என்றால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் பக்தி கிடையாது என்று ஆகிவிடும்.

அந்த ஒரு தடவை ஓட்டத்தால் எங்களுக்கு ஒன்று கிடைத்தது. போனில் பார்த்தபோது அவர் முகம் இளகி இருந்தது. சும்மா ஓடுகிற மாதிரி தெரிந்தது. தொடை எரிந்த பிறகுதான் அந்த முகத்தின் அருமை தெரிந்தது. பொறாமை, கிண்டல், வெட்டி வியப்பு எல்லாம் அளவு தெரியாதவரைக்கும்தான். ஒருமுறை நம் உடம்பால் அளந்துவிட்டால் மிஞ்சுவது மரியாதை.

ஆனால் அதையே தினமும் செய்வது வேறு. ஒரு பையன் விடாமல் அதே வேகத்தைத் துரத்தினான். முட்டிக்குக் கீழே முன்னெலும்பு வலி எடுத்துத் தேர்வு நாளன்று வீட்டில் படுத்திருந்தான். அவன் பின்பற்றியது கிப்சோகேயின் பலனை. அவர் வழியை இல்லை. பணமும் புகழும் வந்த பிறகும் அவர் பயிற்சி முகாமில் மற்றவர்களோடு சாதாரணமாகத் தங்கி, முறை வரும்போது கழிவறை கழுவினார். பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய பாட்ரிக் சாங் என்கிற ஒரே பயிற்சியாளரிடம் இளவயதிலிருந்து நின்றார். உழவாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அப்பர் செய்ததும் இதே வகை வேலைதான். சைவத்தில் அதற்குச் சரியை என்று பேர். நாலு படியில் முதல் படி. அது எந்த உடம்புக்கும் எட்டும். பெரியவர்களை அதில் பின்பற்றலாம், ஒரு குறையும் இல்லாமல்.

தேர்வுக்கு ஓடுகிற தம்பிகளே, உங்களுக்கு வேண்டியது 400 மீட்டருக்கு 1 நிமிடம் 52 நொடி. அதை நிதானமாகப் பழகுங்கள். 68 நொடிக்கு ஒருதடவை ஓடிப் பாருங்கள், தேர்வு முடிந்த பிறகு. மற்ற நாளெல்லாம் நேரத்துக்கு எழுந்திருங்கள், கூட ஓடுகிறவனுக்கு வாட்சைப் பிடியுங்கள், அழிந்துபோன சுண்ணாம்புக் கோட்டை யாராவது ஒருவர் திரும்பப் போட்டுவையுங்கள்.