அளவறிந்து ஏற்கும் மருந்து





பிணி, மூப்பு, சாக்காடு என்னும் மூன்றையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆயினும் அம்மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்வன அல்ல. மூப்பில் பிணி தோன்றி, சாக்காடு வருமுன் பல ஆண்டுகள் அப்பிணியோடு கூடியே வாழ வேண்டிய நிலை இன்று நம்மில் பலருக்கு உண்டாகியிருக்கிறது. முற்காலத்தில் பெயரும் அறியப்படாமலே மனிதரைக் கொண்டுபோன நோய்கள் பல, இக்காலத்தில் மருந்தினால் அடக்கி வைக்கப்படுகின்றன. அவை முற்றும் தீர்வதுமில்லை, உடனே கொல்வதுமில்லை. அத்தகைய நோயுற்ற முதியவர் முன் நிற்கும் கேள்வி, மருந்து உண்டா என்பதன்று. உள்ள மருந்துகளில் எதனை, எவ்வளவு, எதுவரை ஏற்பது என்பதே. இதற்குத் தர்மம் வழி காட்டுமா என்பதை இன்று ஆராய்வோம்.

பொதுவாகப் பேசுவதினும் ஒரு நோயைக் குறித்துப் பேசுவது நலம். 'பாலிசைத்தீமியா வேரா' என்று மருத்துவர் வழங்கும் நோயொன்று உண்டு. இரத்தசோகையில் குறைவது எதுவோ, அதுவே இந்நோயில் மிகுகிறது. எலும்பு மஜ்ஜை வேண்டிய அளவினும் மிகுதியாகச் செவ்வணுக்களை உண்டாக்க, இரத்தம் தடித்து ஓட்டம் மந்தமாகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, சோர்வு, வெந்நீரில் குளித்தபின் உடலெங்கும் அரிப்பு ஆகியன இதன் அறிகுறிகள். இரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்து, பக்கவாதமோ மாரடைப்போ வருவதுதான் இதன் பேரபாயம். பிரெஞ்சு மருத்துவர் வாக்கே என்பார் இதனை 1892 ஆம் ஆண்டில் விவரித்தார். ஜாக் 2 என்னும் மரபணுவில் நேரும் மாற்றமே இந்நோயாளரில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேரிடம் காணப்படுவது 2005 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பெரும்பாலும் அறுபதை அடுத்த வயதில்தான் இந்நோய் கண்டறியப்படுகிறது.

நம் சங்கத்தைச் சேர்ந்த 72 வயது முதியவர் ஒருவருக்கு இந்நோய் வந்தது. கோலார் தங்கச் சுரங்கம் 2001 ஆம் ஆண்டில் மூடப்படும்வரை அதிலே பாடுபட்டவர் அவர். முகமும் கண்ணும் சிவந்திருந்தது கண்டு சிலர் நல்ல ஆரோக்கியம் என்று புகழ்ந்தனர். வேறு சிலர், பஞ்சசீலம் வழுவாத அவரைக் குடிப்பவரோ என்று ஐயுற்றனர். இரத்தச் சோதனைக்குப் பின்னரே உண்மை விளங்கிற்று. மருத்துவர் செய்யத்தக்கவற்றைச் சொல்லி, வீட்டாருடன் கலந்து வரும்படி அனுப்பினார்.

வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. "இருக்கிற இரத்தத்தையும் எடுத்துவிட்டால் உடம்பில் என்னதான் மிஞ்சும்?" என்று அம்மையார் அஞ்சினார். நாள்தோறும் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் மகன், "வீட்டை விற்றாவது உயர்ந்த மருந்தையே வாங்குவேன்" என்றார். முதியவரோ, "இது என் முன்வினை, அனுபவித்துத் தீர்க்கிறேன். பற்றை விடு என்பதுதானே தர்மம்? எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்றார். அச்சொல்லின் அடியில் பேத்தியின் கல்லூரிக் கட்டணம் இருந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்பர்களே, அச்சம், ஆசை, கைவிடுதல் என்னும் மூன்றும் இங்கே அன்பின் வடிவிலே நிற்கின்றன. ஒவ்வொன்றையும் தர்மத்தின் ஒளியில் காண்போம்.

முதலில் வினை என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மனிதன் அடையும் இன்ப துன்பமெல்லாம் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது என்று சீவகன் என்னும் பரிவிராஜகன் பகவானிடம் கேட்டான். பித்தத்தால் வரும் நோவு உண்டு, கபத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, பருவ மாற்றத்தால் வருவதும் உண்டு. வினையால் விளைவது அவற்றுள் ஒன்றே. எல்லாம் முன்வினையே என்பார் கண்கூடான உண்மையையும் கடந்து பேசுகின்றனர் என்று பகவான் விடையளித்தார். ஆகவே நோயுற்றவரைப் பாவி என்று கருதுவதற்கோ, நோயுற்றவர் தம்மையே தண்டித்துக்கொள்வதற்கோ தர்மத்தில் இடமில்லை. மேற்சொன்ன மரபணு மாற்றமும் பொதுவாகப் பெற்றோர் வழியே வருவதன்று. மஜ்ஜையின் ஒரு மூல உயிரணுவில் நேர்ந்து பெருகுவது. இதில் குற்றவாளி எவருமில்லை.

அடுத்து, பற்றை விடுதல். பற்றறுத்தலும் உடம்பைப் புறக்கணித்தலும் ஒன்றல்ல. உடம்பை வாட்டும் வழியை ஆறாண்டு நடந்து பார்த்து, அது பயனற்றதெனக் கண்டு விலக்கியவர் நம் ஆசான். நோயாளர் மூவகையினர் என்று அவர் வகுத்தார். மருந்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிழைப்பவர் ஒருவர். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிழையாதவர் ஒருவர். கிடைத்தால் மட்டுமே பிழைப்பவர் ஒருவர். இம்மூன்றாமவரை முன்னிட்டே மருந்தும் உணவும் பணிவிடையும் விதிக்கப்பட்டன. அவரை முன்னிட்டே மற்ற இருவரும் பேணத்தக்கவராயினர். நம் முதியவர் இம்மூன்றாம் வகையினர். எளிய மருத்துவத்தால் தடுக்கக்கூடிய பக்கவாதத்தைத் தடுக்காமல் விட்டால், படுக்கையில் வீழ்ந்தபின் அவரைத் தாங்கப்போவது யார்? அதே மகனும் அதே பேத்தியுமே. பிறருக்குச் சுமையாகலாகாது என்று மருந்தை மறுப்பது, சில வேளைகளில் பெருஞ்சுமைக்கு வழி திறப்பதாகும்.

இனி அம்மையாரின் அச்சம். மூட்டு நோவுற்ற பிக்கு ஒருவருக்காகக் குருதி வாங்குதலைப் பகவான் அனுமதித்தார் என்று விநயம் கூறுகிறது. ஆயின் அன்றைய முறை வேறு, இன்றைய காரணம் வேறு. இந்நோயில் இரத்தம் எடுப்பது, ஏரி நிரம்பி வழியும்போது கலிங்கைத் திறப்பது போன்றது. இரத்ததானம் செய்வது போலவே ஒரு முறைக்கு ஏறத்தாழ 350 மில்லிலிட்டர் எடுக்கப்படுகிறது. முதியோருக்கும் இதயம் தளர்ந்தோருக்கும் அதனினும் குறைவாக, இடைவெளி விட்டு எடுப்பர். சோதனைத் தாளில் 'பி.சி.வி.' என்று குறிக்கப்படும் அளவு 45 விழுக்காட்டுக்குக் கீழே நிற்பதே குறிக்கோள். இத்தாலியில் நடந்து 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இவ்வளவுக்குக் கீழே வைக்கப்பட்ட 182 பேரில் 5 பேருக்கும், 45 முதல் 50 வரை விடப்பட்ட 183 பேரில் 18 பேருக்கும், பெரிய இரத்த உறைவோ, இதயம் அல்லது இரத்தக்குழாய்க் கோளாற்றால் மரணமோ நேர்ந்தது. எடுப்பதால் உடல் வெறுமையாவதில்லை, எடாமையால்தான் இடர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இரத்தம் எடுத்தபின் பலவீனம் என்றெண்ணி, அன்பு மிகுதியால் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுப்போர் உளர். இந்நோயில் இரும்புச்சத்துக் குறைவதாலேயே செவ்வணு உற்பத்தி மட்டுப்படுகிறது; மருத்துவரைக் கேளாமல் அதனைக் கொடுப்பது, ஒரு கையால் இறைத்து மறுகையால் ஊற்றுவதாகும். நாட்டு மருந்து உண்போரும் அதனை மருத்துவரிடம் மறைத்தலாகாது.

மகனின் ஆசைக்கு வருவோம். உயர்ந்த விலையே உயர்ந்த மருந்து என்பது மயக்கம். பகவானின் உடல் நலங்குன்றியபோது ஜீவகர் செய்ததை நினைவு கூர்வோம். பேதிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயின் அத்திருமேனிக்குக் கடுமருந்து தகாதென்று கண்ட அம்மருத்துவர், முதலில் சில நாள் எண்ணெய் பூசச் செய்து, பின்னர் மருந்தூட்டிய மூன்று பிடித் தாமரை மலர்களை முகரக் கொடுத்தார். வல்லமையுள்ள மருந்தைத் தேடாமல், உடலுக்குத் தக்க மருந்தைத் தேடியதாலன்றோ அவர் பெருமருத்துவர்!

இந்நோய்க்கு உள்ள வழிகளையும் அவ்வாறே நிறுக்க வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரை, சிறு அளவில், உறைவைத் தடுக்கும். குடற்புண்ணோ இரத்தக்கசிவோ உடையவருக்கு அதுவே தீங்காகலாம். அறுபது கடந்தோரும் முன்பே உறைவு கண்டோரும் மிகுந்த இடருடையர் எனக் கருதப்படுவதால், அணு உற்பத்தியைக் குறைக்கும் மருந்தும் அவர்களுக்குச் சேர்க்கப்படுகிறது. ஹைட்ராக்சியூரியா என்பது பழகிய மருந்து, விலை குறைந்தது, நம் நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இடம் பெற்றது. ஆயின் வாய்ப்புண், காற்புண் முதலியன வரலாம். இரத்த அணுக்கள் அளவுக்கு மிஞ்சிக் குறையலாம். ஆதலின் விடாமல் சோதனை செய்ய வேண்டும். இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்கு நற்பயன் தரும்; ஆயின் மெல்ல வேலை செய்வது; சோர்வும் மனத்தளர்ச்சியும் தருவதுண்டாகையால் முதியோர் பலர் தாங்குவதில்லை. ருக்ஸோலிட்டினிப் என்னும் மருந்தை, ஹைட்ராக்சியூரியா பயன்படாதோருக்கும் ஒவ்வாதோருக்கும் தருவதற்கு 2014 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதித்தனர். அரிப்பையும் மண்ணீரல் வீக்கத்தையும் அது நன்கு குறைக்கும், ஆயின் அக்கி போன்ற தொற்றுக்கு இடந்தரும், விலையும் மிகுதி. எதுவும் நோயை வேரறுப்பதன்று. ஒவ்வொன்றும் ஒன்றைத் தந்து ஒன்றைக் கேட்கிறது.

அங்ஙனமாயின் தராசைப் பிடிப்பவர் யார்? நோயாளரே. பேணுதற்கு எளியவரான நோயாளருக்கு ஐந்து பண்புகளைப் பகவான் கூறினார்: தமக்கு நலமானதையே செய்தல், நலமானதிலும் அளவறிதல், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளல், நோயின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் உள்ளபடி உரைத்தல், நோவைப் பொறுத்தல். இவற்றுள் நான்காவதை நன்கு கவனியுங்கள். உள்ளபடி உரைக்க வேண்டுமாயின், நோயாளர் உள்ளதை அறிந்திருக்க வேண்டும். முதியவர் மனம் உடைந்துவிடும் என்று நோயின் பெயரை மறைத்து, மகனும் மருத்துவரும் தாழ்வாரத்தில் நின்று முடிவு செய்வது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அது இரக்கம் போலத் தோன்றினும், பொய்யாமை என்னும் சீலத்துக்கு ஒவ்வாது. அவர் உடம்பின் மீது அவருக்குள்ள உரிமைக்கும் ஒவ்வாது.

ஆகவே வீட்டார் எல்லோரும் நோயாளரை நடுவே அமர்த்திச் சில கேள்விகளைக் கேட்பாராக. இம்மருந்து எதனைத் தடுக்கிறது? ஏற்காவிடின் என்ன நேரும்? மாதத்துக்கு எத்தனை முறை மருத்துவமனை செல்ல வேண்டும், உடன் செல்பவர் யார்? ஒவ்வாவிடின் நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாற இயலுமா? செலவை இவ்வீடு எத்தனை ஆண்டு தாங்கும்? எல்லாவற்றினும் மேலாக, "ஐயா, தங்களுக்கு எஞ்சிய நாட்களில் எது முக்கியம்?" என்று கேட்பாராக. ஒருவருக்கு விகாரைக்கு நடந்து வருவது முக்கியமாகலாம்; மற்றொருவருக்கு அரிப்பின்றி உறங்குவதே முக்கியமாகலாம். அதற்குத் தக்கபடி தராசு சாயும்.

நம் முதியவர் வீட்டில் அவ்வாறே பேசப்பட்டது. கட்டணத்தைப் பற்றிய அச்சத்தை அவரே வாய்விட்டுச் சொன்னார். இரத்தம் எடுத்தலும், ஆஸ்பிரினும், ஹைட்ராக்சியூரியாவும் ஏற்பதென்றும், ஒவ்வாவிடில் மீண்டும் கூடிப் பேசுவதென்றும் மருத்துவரோடு முடிவாயிற்று. வேறொருவருக்கு வேறு முடிவே சரியாகலாம். முடிவன்று, முடிவுக்கு வந்த வழியே இங்கு நாம் கொள்ளத்தக்கது.

இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அளவறிதல் என்பது ஏற்பதற்கு மட்டுமன்று, நிறுத்துவதற்கும் உரியது. எண்பதாம் வயதில் பகவான் தம் உடலை, வார்களால் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டார். வேலுவக்கிராமத்தில் கடுநோய் வந்தபோது, சங்கத்தாரிடம் விடைபெறாமல் செல்லுதல் தகாதென்று அதனை அடக்கி நின்றார். காலம் வந்தபோது ஆயுளைக் கைவிட்டார். வார் கட்டுவதும் தர்மமே. இனிக் கட்டுவதால் வண்டிக்கு நோவு மட்டுமே என்று தெளிந்தபோது அவிழ்ப்பதும் தர்மமே. முன்னதைச் சோம்பலால் விடுவதும், பின்னதை அச்சத்தால் தள்ளுவதுமே பிழை. உடல் நோயுற்றாலும் உள்ளம் நோயுறாதிருக்கப் பழகுக என்று நகுலபிதா என்னும் முதிய உபாசகருக்குப் பகவான் அருளியது, இவ்விரு வேளைக்கும் பொருந்தும் உபதேசம்.

கேட்பாரற்றுத் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் பகவான் ஆனந்தரோடு தம் கையாலேயே நீராட்டிக் கட்டிலில் கிடத்தினார்; தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயாளருக்குத் தொண்டு செய்க என்றார். நாமோ உருவச்சிலைக்கு மலர் சூட்டிவிட்டு, அடுத்த தெருவில் இரத்தச் சோதனைக்குத் துணையின்றி நிற்கும் முதியவரைக் காணாமல் போகிறோம். வரும் பௌர்ணமியன்று உபோசதம் முடிந்தபின், நம்மில் நெடுநோயுற்ற முதியோர் யார் யார், அவர்களுடன் மருத்துவமனைக்கு எந்நாளில் யார் செல்வது என்று எழுதிக்கொண்டு கலைவோமாக. பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் வீடுகளில், அந்த ஒரு காலைப்பொழுதே பெருந்தானம்.

பிணியுற்றோர் நலம் பெறுக. பேணுவோர் சோர்வின்றி வாழ்க.