கதவும் கயிறும்

போன ஜூனில் அரியலூர் கிளையிலிருந்து பெரம்பலூர் கிளைக்கு எனக்கு மாற்றல் வந்தது. இந்த இரண்டு ஊர்களும் அரசாங்கக் காகிதங்களில் சேர்வதும் பிரிவதுமாக இருந்தவை. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. மறு வருஷமே பெரம்பலூரோடு ஒட்டப்பட்டது. 2007-ல் மறுபடி பிரிந்தது. இடையிலுள்ள தூரம் மட்டும் மாறாமல் சுமார் 30 கிலோமீட்டராகவே இருந்துவருகிறது. ஒரு மணி நேரப் பயணம்தானே என்பதால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தூரம் அதிகமாக இருந்திருந்தால் யோசித்திருப்பேன்.

சாமான்களை ஒரு குட்டியானையில் ஏற்றினோம். ஃபிரிட்ஜை நிமிர்த்தி, கேபினுக்கு முதுகு கொடுத்து நிறுத்திய லோடுமேன், கதவுக்குக் குறுக்கே ஒரு சுற்று கயிறு போட வந்தார். வாங்கி எட்டு மாதமே ஆன ஃபிரிட்ஜ். தேங்காய்நார்க் கயிறு பெயின்ட்டைக் கீறிவிடும் என்று தடுத்துவிட்டேன். கதவில் காந்தம் இருக்கிறது, அதுவே பிடித்துக்கொள்ளும் என்று அவருக்கு விளக்கமும் கொடுத்தேன். "உங்க இஷ்டம் சார்" என்று சொல்லிக் கயிற்றைப் பீரோவுக்குக் கட்டினார். அம்மாவின் இன்சுலின் குப்பிகள் இரண்டும் கதவுத் தட்டிலேயே இருந்தன. ஐஸ் போட்டு தெர்மாஸில் வைத்துக் கையோடு கொண்டுபோகலாம் என்றாள் மனைவி. கதவு மூடியிருக்கிற வரைக்கும் ஒரு மணி நேரம் குளிர் தாங்கும் என்றேன். பௌதிகம் என் பக்கம் இருந்தது.

சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் அந்தப் பக்கத்துச் சாலைகளை என்ன செய்துவைத்திருக்கின்றன என்பது அங்கே போய்வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் பின்னாலேயே மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருந்ததால் கதவு திறந்ததைக் கண்ணால் பார்த்தேன். படாரென்று திறக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ வெளியே வர விரும்புவதுபோல நிதானமாகத் திறந்து, அடுத்த குலுக்கலில் பீரோவின் விளிம்பில் மோதி, மூடி, மறுபடி திறந்தது. தட்டோடு குப்பிகள் ரோட்டில் விழுந்தன. வண்டியை நிறுத்தச் சொல்லி, டிரைவரிடம் கயிறு வாங்கி நானே கட்டினேன். ஒரு சுற்று போதுமான இடத்தில் ஐந்து சுற்று. பெயின்ட் கீறியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பெரம்பலூரில் நாலாவது மருந்துக்கடையில் அந்த இன்சுலின் கிடைத்தபோது இரவு பத்து மணி. அம்மா அதுவரை சாப்பிடவில்லை. பசிக்கவில்லையென்று சொன்னாள்.

வீடு திரும்பியதும் மனைவியிடம், "முழுத் தப்பும் என்னுடையதுதான்" என்றேன். சொல்லும்போது எனக்குள் ஒரு நிம்மதி, ஒரு கம்பீரம்கூட ஏற்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. அவள், "தப்பு யாருதுன்னு நான் கேக்கலைங்க. அந்த ஆளு கயிறு கட்ட வந்தாரே, ஏன் வேணாம்னீங்க?" என்றாள். இதற்கு ஒரு வார்த்தையில் பதில் உண்டு. பெயின்ட். அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. 'முழுத் தப்பும் என்னுடையது' என்ற பெரிய வாக்கியம் அந்தச் சின்ன வார்த்தையை மறைப்பதற்காகவே வந்திருக்கிறது என்று பிறகுதான் பட்டது. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் கதவைப் பற்றிக் கொஞ்சம்.

ஃபிரிட்ஜின் கதவு இவ்வளவு லேசாகத் திறந்துகொள்வது தற்செயல் அல்ல. பழைய ஃபிரிட்ஜ்களில் வெளியே ஒரு கைப்பிடித் தாழ் இருக்கும். மூடினால் கொக்கி விழும். உள்ளிருந்து திறக்க வழி கிடையாது. அமெரிக்காவில், தூக்கிப் போட்ட பழைய பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடப் போன குழந்தைகள் மூச்சடைத்துச் செத்தார்கள். உள்ளிருந்து திறக்க முடிகிற கதவு வேண்டும் என்று 1956-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது; 1958 அக்டோபர் கடைசியில் அமலாயிற்று. உள்ளேயிருந்து 15 பவுண்டு விசையில் தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்பது கணக்கு. கொக்கி போய், ரப்பர் விளிம்புக்குள் காந்தப் பட்டை வந்தது.

இப்படியொரு கணக்கை வகுப்பதற்காக, 2 வயதிலிருந்து 5 வயது வரையுள்ள 201 குழந்தைகளை ஃபிரிட்ஜ் மாதிரி செய்த பெட்டிக்குள் விட்டுக் கவனித்திருக்கிறார்கள். 1958-ல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் முடிவுகள் வெளிவந்தன. (பெற்றவர்கள் எப்படிச் சம்மதித்தார்களோ. ஒரு நல்ல காரியத்துக்கு அடியில் இன்னொரு சங்கடமான கேள்வி.) சில குழந்தைகள் வழி தேடித் தள்ளின. சில ஆவேசமாக உதைத்தன. 24 சதவீதம் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. இருட்டில் சும்மா இருந்தன. இந்த விவரத்தைத் தாண்டி என்னால் வெகுநேரம் போக முடியவில்லை. தள்ளுகிற குழந்தையைக் கற்பனை செய்வது யாருக்கும் எளிது. தள்ளத் தோன்றாத குழந்தையைக் கற்பனை செய்யும்போது, எந்தக் கணக்கும் போதாமல் போய்விடுகிறது.

ஆக, அன்று என் கதவு திறந்துகொண்டதற்குக் காரணம், யாரோ முகம் தெரியாதவர்களின் கருணை. நிற்கிற வீட்டில் கருணையாக இருப்பது ஓடுகிற வண்டியில் குறையாகிவிடுகிறது. வீட்டையே வண்டியாக்கி, அடுப்பும் படுக்கையுமாக ஊர் சுற்றுகிறவர்கள் வெளிநாடுகளில் உண்டு. நம்மிடம் சினிமாக்காரர்களின் கேரவன் அதன் சாயல். அந்த வண்டிகளுக்கென்று செய்கிற ஃபிரிட்ஜ்களில் காந்தத்தை மட்டும் நம்புவதில்லை. தனியாக ஒரு தாழ் வைக்கிறார்கள். பலவற்றில் அந்தத் தாழுக்கு இரண்டு நிலை. ஓடும்போது இறுகப் பூட்ட ஒன்று. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி ஃபிரிட்ஜை அணைத்துவைத்தால், கதவை விரற்கடை அளவு திறந்தபடியே பிடித்து நிறுத்த இன்னொன்று. முழுக்க மூடிவைத்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். எப்போதும் மூடு என்றோ எப்போதும் திற என்றோ அந்தத் தாழ் சொல்வதில்லை. வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்று கேட்கிறது.

நம்மையும் வீட்டில் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் காந்தம்தான். பழக்கம், தெருவார், மாதச் சம்பளம். அதை நம் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேங்கில் தினமும் காலையில், இரண்டு பேரிடம் உள்ள இரண்டு சாவிகள் சேராமல் திறக்காத பெட்டகத்தின் முன்னால் நிற்கிறவன் நான். அங்கே யாரும் என் நேர்மையைக் கேட்பதில்லை, சாவியைக் கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது இல்லை.

அரியலூரில் இருந்த ஐந்து வருஷமும் ஒரு கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். 1956 நவம்பர் 23 விடியற்காலையில், அந்த ஊரை அடுத்து மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தால் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருஷம் மகபூப்நகர் விபத்தின்போதே அவர் கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை, இம்முறை ஏற்றார். விபத்துக்கு சாஸ்திரி பொறுப்பல்ல, ஆனால் ஒரு முன்மாதிரிக்காக ஏற்கிறேன் என்ற ரீதியில் பார்லிமெண்டில் சொன்னார். அந்தச் செய்கையின் பெருமையை நான் குறைக்கவில்லை; இன்றைக்கு அதற்கு ஆள் கிடையாது. ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் மந்திரியோடு நின்றுவிடுகிறார்கள். மழைக்கால ராத்திரிகளில் கையில் விளக்கோடு தண்டவாளத்தின்மேல் நடந்துபோய் மண் அரித்திருக்கிறதா என்று பார்க்கிற கேங்மேன், எந்தக் கதையிலும் வருவதில்லை. அவன் ஒழுங்காகப் பார்த்த ராத்திரியில் ஒன்றும் நடப்பதில்லை. நடக்காத ஒன்றைக் கதையாகச் சொல்ல நம்மிடம் மொழி இல்லை.

காம்யூவின் 'வீழ்ச்சி' நாவலும் 1956-ல்தான் வெளிவந்தது. வருஷ ஒற்றுமையில் அர்த்தம் தேட வேண்டாம். ஆற்றில் விழுந்த பெண்ணுக்காக ஒருமுறை குதிக்காமல் போனவன், ஆம்ஸ்டர்டாம் மதுக்கடையில் உட்கார்ந்து ஓயாமல் பாவமன்னிப்புப் பேசுகிறான். கல்லூரியில் படித்தபோது அவனுடைய சுயவிசாரணை என்னைப் பிரமிக்கவைத்தது. பெரம்பலூருக்கு வந்த பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தப் பேச்சே அவன் சுகம் என்பதை காம்யூ ஒளித்துவைக்கவில்லை. நான்தான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். நம் சிறுபத்திரிகைக் கவிதைகளில் குற்றவுணர்வுக்குப் பஞ்சமே கிடையாது. வரிக்கு வரி ரத்தம், கறை, சிலுவை, 'நானும் ஒரு கொலையாளி'. நானும் இந்த ரகத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டு, இந்தப் பத்திரிகையிலேயே வந்தன. அவற்றைத் தேடிப் பார்த்தேன். எதைச் செய்யாமல் விட்டேன் என்று எங்கேயும் இல்லை. யாருடைய குப்பி, எந்த ரோடு என்று இல்லை. பெயின்ட் இல்லை. எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கிற ஒரு பிரும்மாண்டமான 'நான்' மட்டும் இருக்கிறது. இவற்றைப் பாராட்டி எனக்குக் கடிதம் எழுதிய நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

புது வீட்டுச் சமையலறையில் வயரிங் முடியாததால் ஃபிரிட்ஜைத் தாழ்வாரத்திலேயே இறக்கி வைத்திருந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் பேங்கிலிருந்து வந்தபோது மனைவி அரிவாள்மனையை வைத்து என் முடிச்சை அறுத்துக்கொண்டிருந்தாள். அவிழ்க்க முடியாதபடி கட்டியிருக்கிறேன். கதவு திறந்ததும் புழுங்கிய நாற்றம் அடித்தது. ரப்பர் விளிம்பில் கறுப்பாகப் புள்ளிகள். வீட்டுக்காரரின் பேத்தி, நாலு வயது இருக்கும், உள்ளே தலையை நீட்டி, "இதுக்குள்ள லைட்டு எரியாதா?" என்று கேட்டது. பிறகு காலிப் பெட்டிக்குள் ஒரு காலை எடுத்து வைத்தது.

குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டேன். கதவைச் சாத்தி, திறந்து, எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று பார்த்தேன். ஒரு விரல் போதும். அது என் விரல். மனைவி ஒரு கொட்டாங்கச்சியைக் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே செருகி, "இத யாரும் எடுக்கக்கூடாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜின் முகத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பச் சொன்னாள். இருவருமாகத் திருப்பினோம். அம்மாவின் புதுக் குப்பிகள் அடுக்களை மூலையில், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் இருந்தன. வயரிங்காரன் வருகிறவரை அங்கேதான் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். காலையும் மாலையும் துணியை அவளே நனைத்துக்கொள்கிறாள்.