ஆறாவது செவ்வாய்



செவ்வாய் பூமிகாரகன், அவருக்கு அதிதேவதை நம்ம முருகன். அதனாலதான் சிறுவாபுரிக்கு ஆறு செவ்வாய் போனா சொந்த வீடு அமையும்னு நம்பிக்கை. நானும் போனேன் நண்பர்களே. அஞ்சாவது வாரமே மனை அமைஞ்சது, விலையும் கம்மி!

வில்லங்கச் சான்று சுத்தம். ஆனா வாரிசு சான்றிதழ்ல விக்கிறவரோட அக்கா பேரும் இருக்கு, வரைவுப் பத்திரத்துல இல்ல. அப்பா சொத்துல பொண்ணுக்கும் சம பங்கு ஆச்சே? "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னார் புரோக்கர்.

ஆறாவது வாரம் சன்னதியில நின்னப்போ ஞானப்பழம்தான் ஞாபகம் வந்தது. பழம் அண்ணனுக்குப் போச்சுன்னு பழனி மலை ஏறினவர்கிட்ட, ஒரு அக்காவோட பங்கையும் சேர்த்து எனக்குக் குடுப்பான்னு எந்த வாயால கேக்கறது?

அக்காவும் கையெழுத்துப் போட்டா வாங்கறேன்னு வெளிய வந்து சொல்லிட்டேன். இன்னும் பதில் இல்ல. அடுத்த செவ்வாயும் போறேன்.