தேரும் லைக்கனும்

குழம்புக்குப் போடும் கல்பாசி மரப்பட்டையிலும் படரும் ஒரு லைக்கன். சூடான எண்ணெயில் விழுந்தால்தான் அதன் வாசனை எழும். அதன் தூரத்து உறவுகள் யாங்கோனின் தூங்குமூஞ்சி மரங்களில் உண்டு. பட்டைமேல் சுண்ணாம்பு தெறித்த மாதிரி சாம்பல் திட்டுகள். மழையில் நனைந்ததும் மேல்தோல் வழியே உள்ளிருக்கும் பச்சை தெரியும்.

அந்தப் பச்சை வேறு உயிர். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு என்று சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் ஷ்வெண்டனர் 1867இல் சொன்னபோது, லைக்கனையே ஆயுள் முழுக்கப் படித்தவர்கள் சிலர் கொதித்துப் போனார்கள். பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது. பூஞ்சை அதற்கு இடம் தருகிறது.

மாடியில் குடியிருக்கும் பர்மியப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "சயாமா, நாகசேனர் சொன்னதுதானே!" என்றார். சக்கரம் தேரா, அச்சு தேரா என்று மிலிந்த ராஜனை மடக்கி, தேர் வெறும் பெயர்தான் என்று பௌத்தத் துறவி நாகசேனர் நிறுவிய கதை. பர்மியர் அந்தக் கதை வரும் நூலைத் திரிபிடகத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். பெரியவருக்கு லைக்கனும் அப்படித்தான், உள்ளே 'நான்' என்று யாருமில்லை.

1871இல் தமிழர் கட்டிய அனவ்ரதா சாலைக் காளி கோவிலுக்குப் போகிறவள் நான், லேசில் விடுவேனா? சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில் அருணந்தியார் பௌத்தரோடு வரிந்துகட்டி வாதாடியிருக்கிறார். என் வாதம் சின்னது. தேரைக் கழற்றினாலும் சக்கரம் சக்கரம்தான். ஆனால் பூஞ்சையை ஆய்வகத்தில் தனியே வளர்த்தால் உருவமற்ற கட்டியாகக் கிடக்கிறது. பாசி சேர்ந்தபிறகே மடலும் விளிம்பும் வருகின்றன. உயிருக்குச் சித்தாந்தம் சொல்லும் இலக்கணமும் இதுவே: சார்ந்ததன் வண்ணமாதல். தன்னை மறைக்கும் மலத்தைச் சார்ந்தால் மலமாய், சிவத்தைச் சார்ந்தால் சிவமாய் நிற்கும். சார்வதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டுமே!

(2016இல் ஸ்ப்ரிபில் என்ற ஆய்வாளரின் குழுவினர் சில லைக்கன்களின் மேல்தோலில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட்டையும் கண்டார்கள். உடனே சித்தாந்தம் சொல்லும் மூன்று பொருள்கள், பதி, பசு, பாசம் என்று துள்ளுகிறவர்கள் இருப்பார்கள். நாளைக்கு நாலாவது கிடைத்தால் சித்தாந்தத்தைத் திருத்துவதா?)

"பூஞ்சையையும் பிரித்துப் பாருங்களேன், அதுவும் கூட்டுத்தானே?" என்றார் பெரியவர். நியாயம்தான். அதனால்தான் மெய்கண்டார் உயிரை உடம்பின் துண்டுகளில் தேடவில்லை. ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டே வந்து 'இல்லை' என்கிறாயே, அப்படிச் சொல்கிற அறிவு இருக்கிறதே, அதுதான் உயிர் என்பது அவருடைய சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தின் வாதங்களில் ஒன்று.

அறிவதும் பௌத்தம் சொல்லும் ஐந்து கந்தங்களில் ஒன்றுதான் என்று பெரியவர் உடனே திருப்பினார். அதைக் கந்தம் என்று அறிவது எது என்றேன். இதற்குமேல் லைக்கன் யார் பக்கமும் சாட்சி சொல்லாது. பரபக்கத்தைத்தான் திறக்க வேண்டும்.