தள்ளினவனைத் தலைவனாக்கினால் தீர்ந்ததா?

ஒருவனுக்கு அநியாயம் செய்தவர்கள், தங்கள் பிழையை ஒத்துக்கொள்ளாமல், அவனுக்கு ஒரு பதவியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துபோகுமா? நியாயாதிபதிகள் ஆகமம் 11-ம் அதிகாரத்தில் வரும் இப்தாவின் வரலாறு இதை நமக்கு விளக்குகிறது.

இப்தா கிலயாது நாட்டான்; மகா பராக்கிரமசாலி. ஆனால் அவன் தாய் ஒரு விலைமாது. ஆகையால் அவன் தகப்பனுடைய மனைவியின் மக்கள், சொத்தில் அவனுக்குப் பங்கில்லை என்று சொல்லித் துரத்திவிட்டார்கள். பிறந்ததைத் தவிர அவன் செய்த குற்றம் யாது? அவன் தோபு நாட்டுக்கு ஓடிப்போய், போக்கற்ற மனிதரோடு காலந்தள்ளினான்.

சில காலத்துக்குப்பின் அம்மோனியர் படையெடுத்தனர். உடனே கிலயாதின் பெரியோர் அவனைத் தேடி வந்து, படைத்தலைவனாகும்படி வேண்டினார்கள். என்னைப் பகைத்துத் துரத்திய நீங்கள், ஆபத்து வந்தபின் என்னிடம் வருவானேன் என்று இப்தா கேட்டான். அவர்களுடைய மறுமொழியைக் கவனியுங்கள். கிலயாது முழுவதற்கும் அவனைத் தலைவனாக்குவதாகச் சொன்னார்கள். சர்வேசுரனைச் சாட்சியாக வைத்து வாக்குக் கொடுத்தார்கள். தப்புச் செய்தோம் என்ற ஒரு வார்த்தை மாத்திரம் அவர்கள் வாயில் வரவில்லை.

அவ்வளவு தூரம் வந்து வேண்டினதே மன்னிப்புக் கேட்டதற்குச் சமமல்லவா என்று சிலர் சொல்லலாம். அல்ல. பயம் வேறு, மனஸ்தாபம் வேறு. அம்மோனியர் வராதிருந்தால் அவர்கள் தோபுவின் வழியை மிதித்திருப்பார்களா?

இப்தாவும் குற்றமற்றவனல்ல. யோசனையின்றி நேர்ந்துகொண்டு தன் ஒரே மகளை இழந்தான். எப்ராயிம் கோத்திரத்தாரோடு போரிட்டதில் 42,000 பேர் மாண்டார்கள். ஆயினும் தன்னைத் தள்ளின ஜனத்தை ஆபத்தில் அவன் கைவிடவில்லை. யுத்தத்துக்கு முன்னே தூதரை அனுப்பிச் சமாதானமும் தேடினான்.

நாமோ? தாயின் பேரிலுள்ள பழியால், அல்லது பிறப்பால், நம்மில் ஒருவனை ஒதுக்கிவைக்கிறோம். அவனுடைய பலமோ பணமோ தேவைப்படும் நாளில் மாலையோடு போகிறோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பாவத்தைச் சொல்லாமல், காணிக்கையை மட்டும் நீட்டினால் பாவம் தீருமா?

அப்படிப்பட்ட ஒருவன் இன்று நம் நினைவுக்கு வந்தால், அவனால் நமக்குக் காரியம் ஆகவேண்டிய நாள் வருமுன்னே, வெறுங்கையோடு அவன் வாசலுக்குப் போகக்கடவோம்.