நிற்கும் மரத்துக்குக் கூலி

காவிரியின் நீர்ப்பிடிப்பு என்றதும் தலைக்காவிரியும் அரசின் காப்புக் காடுகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் குடகு மாவட்டத்தில் பெரும்பரப்பு தனியாரின் காப்பித் தோட்டம். காட்டை முழுக்க அழிக்காமல், பழைய மரங்களின் நிழலிலேயே காப்பிச் செடி வைப்பது அங்கே வழக்கம். மேலே ஈட்டி, பலா, அத்தி, அவற்றின் தண்டைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, கீழே காப்பி, அதற்கும் கீழே கணுக்கால் புதையும் சருகு. மழை நேராக மண்ணை அறைவதில்லை. இலையில் தட்டி, கிளையில் வழிந்து, சருகில் ஊறி மெல்ல இறங்குகிறது. அந்த நீர்தான் கிருஷ்ணராஜ சாகரையும் மேட்டூரையும் தாண்டித் தஞ்சை வயல்வரை வருகிறது. பெங்களூரும் அதே ஆற்றிலிருந்துதான் சுமார் 100 கிலோமீட்டர் தூரம் குழாயில் மேடேற்றிக் குடிக்கிறது. இறைக்கும் மோட்டாருக்கு மின்கட்டணம் உண்டு. ஊற்றுக்கண்ணைக் காத்து நிற்கும் மரத்துக்கு யாரும் எதுவும் தருவதில்லை. தர வேண்டுமா?

மரம் இருந்தால் ஆற்றில் தண்ணீர் பெருகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மரமும் நீர் குடிக்கிறது. ஆண்டு மொத்த வரத்து அதனால் குறையவும் கூடும். காடு செய்யும் வேலை வேறு. ஜூலையில் விழுந்ததை மண்ணுக்குள் வாங்கி டிசம்பரில் ஓடையாகக் கொடுக்கிறது. சரிவில் மண்ணைப் பிடித்து வைக்கிறது. இன்னொரு வேலையும் உண்டு. கோடை மழை ஒன்று விழுந்ததும் ரொபஸ்டா காப்பி தோட்டம் முழுக்க ஒரே வீச்சில் வெள்ளையாகப் பூக்கும். சில நாட்களில் பூ வாடிவிடும். ரொபஸ்டா தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. அந்தச் சில நாட்களுக்குள் பூவிலிருந்து பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோவதில் உயர்ந்த மரக்கிளைகளில் அடை கட்டும் மலைத்தேனீக்கு முக்கியப் பங்கு உண்டு. ஒருவர் தோட்டத்து மரத்தில் கூடு, பலர் தோட்டத்தில் விளைச்சல்.

இந்த வேலைகளுக்கெல்லாம் விலை போடும் முயற்சி 1997இல் உலகக் கவனம் பெற்றது. சூழலியல் பொருளாதார அறிஞர் ராபர்ட் காஸ்டான்சாவும் அவருடைய கூட்டாளிகளும் பூமியின் இயற்கை ஆண்டுதோறும் செய்து தரும் சேவையைச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்று கணித்தார்கள். அன்றைய உலக நாடுகளின் மொத்த உற்பத்தியைவிட அது அதிகம். இயற்கை முக்கியம் என்பதை நிதியமைச்சர்களுக்குப் புரியவைக்க அந்த எண் உதவியது. ஆனால் ஒரு பொருளுக்கு விலைச்சீட்டு ஒட்டியபின் அதை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது ஒட்டியவர் கையில் இல்லை.

இந்தியாவிலேயே அதைப் பார்க்கலாம். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாட் கூடலூர்க் காடுகள் அழிவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம், உடைமை யாருடையதாயினும் அகராதிப் பொருளில் காடு என்றால் அது காடுதான் என்று சொல்லிவிட்டது. தனியார் காட்டுக்கும் அது பெரிய அரணாயிற்று. அதே வழக்கின் தொடர்ச்சியில்தான், காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவோர் அதன் நிகர மதிப்பைக் கட்ட வேண்டும் என்ற விதி பிறந்தது. 2008இல் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய். 2022இல் அது 9.57 லட்சம் முதல் 15.95 லட்சமாக உயர்ந்தது. சுரங்கமோ அணையோ சாலையோ வரும்போது இந்தத் தொகை திட்டச் செலவில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடுகிறது. காட்டின் மதிப்பைக் காட்ட வந்த எண், காட்டை அகற்றுவதற்கான கட்டணமாகிவிட்டது.

கோஸ்டாரிகா அதே எண்ணத்தை எதிர்ப்பக்கம் திருப்பியது. 1996ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டை வேறு நிலமாக மாற்றுவதைத் தடை செய்தது. கூடவே கரியமில வாயுவைக் குறைப்பது, நீர், பல்லுயிர், இயற்கை அழகு ஆகிய நான்கு சேவைகளுக்காகத் தனியார் காட்டுக்காரர்களுக்குப் பணமும் தந்தது. பெட்ரோல், டீசல் வரியின் ஒரு பங்கு அதற்குப் போனது. இன்று அந்நாட்டின் பாதிக்கு மேல் காடு. மேய்ச்சலுக்காகக் காட்டை வெட்டவைத்த மாட்டிறைச்சி வியாபாரம் படுத்ததும் ஒரு காரணம் என்பதால், புகழ் முழுவதையும் அந்தப் பணத்துக்கே கொடுத்துவிட முடியாது.

சட்டம் தடுத்த ஒன்றைச் செய்யாமலிருக்க எதற்குக் காசு? ஆற்றில் நஞ்சைக் கலக்காதிருப்பதற்காக ஆலை முதலாளிக்கு யாரும் படி அளப்பதில்லையே. கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. டெல்டாவின் நெல்வயல் ஒரு காலத்தில் வெட்டித் திருத்திய நிலம்தான். பெங்களூரின் தெருக்களும் அப்படியே. முன்னால் வெட்டியவர்கள் ஆதாயத்தை எடுத்துக்கொண்டாயிற்று. கடைசியாக வெட்டாமல் எஞ்சியிருப்பவரிடம் மட்டும், இனி நீ வெட்டக்கூடாது, எங்கள் எல்லோருக்காகவும் அதைப் பொறுத்துக்கொள் என்று சொல்வது அறமாகாது. சுமை பொதுவானதென்றால் செலவும் பொதுவாக வேண்டும்.

எவ்வளவு தருவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆற்று நீர் டெல்டாவுக்கு உயிர். உயிரின் விலையை மலைமேல் இருப்பவர் கேட்டால் அது மிரட்டல். அவர் கேட்கக்கூடியது, மரத்தை நிற்கவிட்டதால் இழந்த வருமானமும் அதைப் பராமரித்த உழைப்பும் மட்டுமே. சேவையின் பிரம்மாண்டமான மதிப்பு, கொடுக்க வேண்டிய கடமை உண்டு என்பதைக் காட்டும். கொடுக்க வேண்டிய தொகையை அதிலிருந்து எடுக்கக்கூடாது.

பணம் வந்தால் பக்தி போய்விடும் என்ற அச்சமும் உண்டு. குடகில் ஊர் தோறும் தேவரகாடு இருக்கிறது, ஆயிரத்துக்கும் மேல். சாமிக்குப் பயந்தே நின்ற காடுகள் அவை. ஆனால் அவற்றிலும் பலவற்றின் ஓரத்தைக் காப்பிச் செடி அரித்துவிட்டது. பக்தி மட்டும் தாங்கவில்லை.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான கேள்வி, பணம் யார் கைக்குப் போகும் என்பது. பட்டா உள்ளவர் கைக்கு. தோட்டத்துக் குடியிருப்புகளில் தலைமுறையாக வாழும் பழங்குடிகளான எரவர்களிலும் ஜேனு குருபர்களிலும் பெரும்பாலோருக்குப் பட்டா கிடையாது. காடு ஒட்டியிருப்பதால் வரும் யானையை விடியற்காலையில் வேலைக்கு நடந்துபோகும் கூலிக்காரர்தான் எதிர்கொள்கிறார். சாவும் அவர் வீட்டில்தான் விழுகிறது. காட்டின் சுமைக்கு ஈடு என்று சொல்லிவிட்டு, அந்தச் சுமையில் உயிரைக் கொடுப்பவரை விட்டுவிடும் எந்தத் திட்டமும் தன் நியாயத்தைத் தானே இழக்கிறது.

2024 நவம்பரில் கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே, மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் ஆறுகளின் நீரைப் பயன்படுத்தும் ஊர்களின் குடிநீர்க் கட்டணத்தில் மாதம் 2, 3 ரூபாய் பசுமை வரி சேர்க்கும் யோசனையை முன்வைத்தார். உடனே எதிர்ப்பும் எழுந்தது. குடிப்பவர் தர வேண்டும் என்ற அடிப்படை சரி. ஆனால் அந்தப் பணத்தில் விருப்பமுள்ள விவசாயிகளின் நிலத்தை வாங்குவதும் யோசனையில் இருந்தது. நிலத்தை வாங்கினால் விற்றவர் காசோடு போய்விடுவார்; தொழிலாளி குடியிருப்பை விட்டு வெறுங்கையோடு போக வேண்டும். நிற்கும் மரத்துக்கு ஆண்டுதோறும் கொடுத்து, அதில் ஒரு பங்கைத் தொழிலாளிக்கும் எழுதிவைப்பதே நியாயம்.

அதற்கும் முன்னால் சரிசெய்ய வேண்டியது ஒன்றுண்டு. குடகில் ஒரு வகை நிலத்தில், ஆங்கிலேயர் காலத்து ஏற்பாட்டின்படி, தானாக முளைத்த மரம் அரசுக்குச் சொந்தம். மண் மட்டுமே தோட்டக்காரருடையது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை நட்டால் வெட்டி விற்பது எளிது. அதனால் நாட்டு மரத்தின் கன்று தலை தூக்கும்போதே களையோடு களையாக அரிவாளுக்குப் போகிறது. அந்த இடத்தில் சில்வர் ஓக் நேராக வளர, அதில் மிளகு ஏறுகிறது. உன் நிலத்தில் நிற்கும் மரம் உனக்கில்லை என்று சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்றவில்லை என்று தோட்டக்காரரைக் குறை சொல்ல அரசுக்கு உரிமையில்லை. மரத்தின் உரிமையை அவரிடம் கொடுத்து, வெட்டுவதற்கு வரம்பும் நிற்பதற்குக் கூலியும் வைத்தால், இன்று களையாகப் போகும் கன்றை அவர் விட்டுவைக்க ஒரு காரணமாவது இருக்கும்.